சைகை இல்லாமல் இறக்காதவர்

என் மாமனார் எதையும் தானாகக் கீழே வைக்க மாட்டார். யாராவது வைக்கச் சொன்னால்தான் வைப்பார். டீ குடித்து முடித்த டம்ளரைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் எனக்கு இது தெரியாது. காலி டம்ளரோடு இருக்கிறாரே, இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று இன்னொரு டம்ளர் ஊற்றினேன். குடித்தார். டம்ளர் கையிலேயே இருந்தது. மூன்றாவதும் ஊற்றினேன். வேண்டாமென்று சொல்லாமல் அதையும் குடித்தார். நான்காவது தடவை நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது உள்ளேயிருந்து அவருடைய அக்கா சத்தம் போட்டாள். "அவன கீழ வெக்கச் சொல்லுடி. இல்லாங்காட்டி வயிறு வெடிச்சி சாவான்."

வைங்க மாமா என்றேன். வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக எழுந்து வேலைக்குப் போனார்.

வேலை துறைமுகத்தில், கப்பல் தட்டின் மேல் பாரம் தூக்குகிற விஞ்சு இயந்திரத்தை ஓட்டுவது. மூட்டைகளை வலையில் அடுக்கிக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். இவர் அதைத் தூக்கி, கப்பலுக்கு வெளியே கொண்டுபோய், கரையில் நிற்கிற ஆட்களிடம் இறக்க வேண்டும். கரையில் நிற்பவன் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே அசைத்தால், இறக்கலாம் என்று அர்த்தம். முப்பது வருஷமாக அந்த ஒரு கையையே பார்த்துப் பார்த்து, அது தெரியாத இடத்தில் மனுஷனுக்கு எதையும் இறக்கத் தெரியாமல் போய்விட்டது என்று தெருவில் கேலி பேசுவார்கள். வெறும் கேலி என்றுதான் நானும் நினைத்தேன். அது அத்தனையும் நிஜம் என்று போகப் போகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் தோல் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் குடியிருந்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் பீபிம்மா என்போம். அவர்கள் மகள் கல்யாணத்துக்குக் கண்ணாடி பதித்த தேக்கு பீரோ ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தார்கள். மாமா ஒரு மூலை. உள்ளே கொண்டுபோனதும் மூன்று பேர் வைத்துவிட்டார்கள், இவர் மட்டும் பிடித்துக்கொண்டே நின்றார். பீரோ சாய்ந்து கண்ணாடி தூள் தூளாகிப் போனது. பாய்க்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறக்கியது எங்கள் தப்புதான் என்று சொல்லிவிட்டார். ஊருக்குள் மாமாவுக்கு அப்படி ஒரு மரியாதை. எரிச்சல் எல்லாம் எனக்கு மட்டும்தான், ஏனென்றால் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அவருடைய அக்காதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் அவளை அத்தை என்று கூப்பிட்டதால் எனக்கும் அத்தை. இடுப்பு விழுந்துபோய்க் கட்டிலோடு இருந்தவள். இடுப்புக்கும் சேர்த்து வாய் வேலை செய்யும். ரேஷன் அரிசியில் நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சொன்னாள்.

விஞ்சைத் தொட்ட இரண்டாம் வருஷம் அது நடந்ததாம். கரையில் நின்ற ஆள், முகத்தில் மொய்த்த ஈயை விரட்டக் கையை அசைத்தான். இவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு இறக்கிவிட்டார். கோதுமை மூட்டைகள். அந்த ஆளுக்கு ஒரு கால் போனது. அன்றிலிருந்து இவர் இரண்டு தடவை கை காட்டினால்தான் இறக்குவார். ஒரு தடவை காட்டினால் ஈயாக இருக்கலாம், இரண்டு தடவை காட்டினால் மனுஷன் தெரிந்துதான் காட்டுகிறான் என்பார்.

யார் கை காட்டலாம் என்பதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். பாரத்துக்கு அடியில் நிற்கிறவன் மட்டும்தான் காட்டலாம். வேறு எவன் சொன்னாலும் செல்லாது. ஒரு தடவை கப்பல் துரை மேலே நின்றுகொண்டு, இறக்கு இறக்கு என்று கத்தியிருக்கிறார். கரையில் நின்ற ஆள் பீடி பற்றவைக்க முதுகைத் திருப்பியிருந்தான். இவர் அசையவில்லை. பாரம் அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருந்தது, துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்காக ஒரு வாரம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வாரமும் அவர் வருத்தப்பட்டதாக அத்தைக்கு ஞாபகம் இல்லை. அடியில் இருந்தது துரை தலையா என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

நான் எண்ணூர்க்காரி. அப்பா கடலில் போய், அம்மா காய்ச்சலில் போய், அண்ணன் பொறுப்பில் வளர்ந்தவள். மாமாவின் ஒரே மகனுக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். அவர் ரங்கூன் பக்கம் போகிற சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவர். நாலு மாசம் குடித்தனம் செய்தோம். நவம்பரில் கப்பல் ஏறினார். தை மாசம் வந்துவிடுவேன், எண்ணூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன மறுமாசமே ஜப்பான்காரனும் யுத்தத்தில் இறங்கிவிட்டான்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் மாமாவின் குடில்தான், யேசு பிறந்த மாட்டுக் கொட்டகையைப் பொம்மைகளோடு கட்டி வைப்பது. டிசம்பர் பிறந்ததும் துறைமுகத்திலிருந்து தினமும் எதையாவது கொண்டுவருவார். பீங்கான் பெட்டிகளுக்குள் அடைத்து வருகிற வைக்கோல். கப்பல் அடுப்பில் எரிந்து கெட்டியான கரிக் கட்டிகள், அவைதான் மலை. மூட்டைக்கு அடியில் போடுகிற பலகைத் துண்டுகளில் கொட்டகை. ஒட்டகத்துக்கு ஒரு கால் உடைந்து, அங்கே தீக்குச்சி முட்டுக் கொடுத்திருக்கும். தெரு முழுக்க வந்து பார்க்கும். பீபிம்மா வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

குழந்தை யேசு பொம்மையை மட்டும் முன்கூட்டி வைக்கக் கூடாது. அது ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக்குள் படுத்திருக்கும். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலைப் பூசை முடிந்து வந்ததும், வீட்டில் யார் கடைசிப் பிள்ளையோ அவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். அந்த வீட்டில் பிறந்ததே ஒரு பிள்ளை, என் புருஷன். பேசத் தெரியாத வயசிலிருந்து அவர்தான் வைத்துக்கொண்டிருந்தார். மீசை முளைத்த பிறகும், கப்பல் வேலைக்குப் போன பிறகும், டிசம்பரில் எப்படியாவது ஊருக்கு வந்து வைத்துவிட்டுப் போவாராம்.

அந்த வருஷம் அவர் இல்லை. நாங்கள் பூசை முடிந்து வந்ததும், குழந்தையை யார் வைப்பது என்று அத்தை கட்டிலிலிருந்தே கேட்டாள். மாமா டப்பாவைத் திறக்கவில்லை. "வக்கிறவன் வரட்டும்" என்று மட்டும் சொன்னார். தையில் வந்துவிடுவார்தானே, வந்து வைக்கட்டும் என்று எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. குடிலைப் பிரிக்காமல் தை முடியும்வரை வைத்திருந்தோம். மாசியில் வைக்கோலில் எலி குட்டி போட்ட பிறகுதான் பிரித்தோம்.

சித்திரையில் கப்பல் கம்பெனியிலிருந்து காகிதம் வந்தது. கப்பல் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை, உங்கள் மகனைப் பற்றித் தகவல் இல்லை, காணவில்லை. அப்போது குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. அண்ணன் வந்து என்னையும் அத்தையையும் எண்ணூருக்குப் படகில் அழைத்துப் போனான். மாமா வரவில்லை. பையன் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்தால் எங்கே போவான் என்றார். இரண்டு மாசம் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது, வாசலில் அப்போதுதான் பெருக்கிய மாதிரி சுத்தம். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்துவிட்டார்.

"அழுவாத. காணோம்னுதான் எய்திகீறான். செத்துட்டான்னு எய்தல."

அதோடு சரி. அந்த வீட்டில் யாரும் அழுவதில்லை என்று ஆகிவிட்டது. அழுதால் என் புருஷன் செத்துவிட்டார் என்று நாமே சொல்வதாக ஆகும். அடுப்புப் புகையில் கண்ணில் நீர் வந்தால்கூட நான் சத்தமாக, புகை புகை என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பேன்.

யுத்தம் முடிந்து, இருட்டடிப்பு நீங்கி, நட்சத்திர விளக்கு ஏற்றலாம் என்று சொன்ன முதல் வருஷம், தெருவே பித்துப் பிடித்த மாதிரி மூங்கிலும் கலர்க் காகிதமும் வாங்கி ஒட்டியது. மாமாவும் ஒரு நட்சத்திரம் கட்டித் தொங்கவிட்டார். குடிலும் கட்டினார். மலை, கொட்டகை, மாடு, ஒட்டகம் எல்லாம் இருந்தது. நடுவில் வைக்கோல் மட்டும் காலியாக இருந்தது. கீதம் பாடி வீடு வீடாக வருகிற கோஷ்டி எங்கள் வாசலில் வந்து நின்று, பாலன் பிறந்தார் என்று பாட வாயைத் திறந்தவர்கள், குடிலைப் பார்த்துவிட்டுப் பாதியில் இழுத்தார்கள். பிறக்காத பிள்ளைக்கு எப்படிப் பாடுவது? ஒரு மாதிரி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்தடுத்த வருஷம் எங்கள் வாசலில் சின்னப் பாட்டாகப் பார்த்துப் பாடினார்கள். பிறகு கூட்டம் குறைந்தது. கடைசியில் பீபிம்மா வீட்டுப் பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காலித் தொட்டிலைப் பார்க்க யாருக்கு ஆசை?

யுத்தக் கைதிகள் திரும்பி வந்த நேரத்தில், திருவொற்றியூர்க்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அவர் குடும்பம் அவருக்குக் கருமாதியே செய்துவிட்டிருந்தது. அந்த ஒரு ஆள் வந்ததில் மாமாவுக்கு இன்னும் மூன்று வருஷத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. கிழக்கேயிருந்து எந்தக் கப்பல் வந்தாலும், விஞ்சை நிறுத்திவிட்டுப் போய் விசாரிப்பார். வருஷா வருஷம் பங்குச் சாமியார் குடும்பக் கணக்கெடுக்க வரும்போது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், நாலு என்பார். சாமியாரும் மறு பேச்சில்லாமல் நாலு என்று எழுதிக்கொண்டு போவார்.

அந்த நாலில் நான் என்னவாக இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. புருஷன் இல்லை. விதவையாகக் கறுப்புச் சேலை கட்டவும் உரிமை இல்லை, கலர்ச் சேலை கட்டினால் தெரு பார்க்கும். இதை எழுதும்போது மாமா மேல் கோபம் இப்போதும் கொஞ்சம் வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனுஷன் எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நான் கோணி தைக்கிற கிடங்கில் வேலைக்குப் போகிறேன் என்றபோது அத்தை குதித்தாள், அவர்தான் போகட்டும் என்றார். மழைக்காலத்தில் என் வேலை முடிகிற நேரத்துக்குக் கிடங்கு வாசலில் குடையோடு நிற்பார். குடையை மடக்கு என்று நான் சொல்லாவிட்டால் வீட்டுக்குள்ளும் குடையோடுதான் நிற்பார். நல்லவர்தான். நல்லவர் கையில் மாட்டிக்கொண்டால் திட்டவும் முடியாது. அதுதான் எனக்கு நேர்ந்தது.

கோணி தைக்கும் ஊசி நீளமானது. ஒரு நாள் அது என் உள்ளங்கையில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் ஒரு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். கம்பவுண்டர் டிஞ்சர் போட்டார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. இன்னும் இரண்டு தடவை எரியும், கத்திக்கொள்ளுங்கள் என்றார். எனக்குக் கத்த அனுமதி கொடுத்த முதல் ஆள் அவர்தான். கட்டு மாற்ற மூன்று நாள் வரச் சொன்னார், நான் ஆறு நாள் போனேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அப்போது இருபத்தைந்து வயசு.

கம்பவுண்டர் மனைவியை இழந்தவர், எங்களைப் போல் கிறிஸ்தவ வேதக்காரர்தான். என்னைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக முறைப்படி சாமியாரிடம் போய்ப் பேசினார். சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னார். செத்ததற்கு அத்தாட்சி இல்லாத புருஷன் என்பதால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பெற்ற தகப்பனே வந்து, என் மகன் உயிரோடு இல்லை என்று நம்புகிறேன் என்று சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் போதாது. பார்க்கலாம் சாமி என்றார் மாமா.

முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சரி என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் இல்லை. பார்க்கலாம் என்பதிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. கம்பவுண்டர் என்னிடம் எதையும் அவசரப்படுத்தவில்லை. அவருடைய அம்மாதான் பொறுமை இழந்துவிட்டாள். பொன்னேரியில் வேறு பெண் பார்த்து வைத்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குள் இங்கே முடிவு தெரியாவிட்டால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து அங்கே நிச்சயம் செய்துவிடுவாள் என்று சொல்லி அனுப்பினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பாருங்கள், இந்தக் கதையில் குறை சொல்ல ஒரு ஆள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தது. மாமா கூடத்தில் குந்தி, குடிலுக்கு மலை அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கரிக் கட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார். இங்கே வைங்க என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"சாமியாருக்கு இன்னா சொல்லப் போறீங்க மாமா?"

"பாக்கலாம்மா."

"எட்டு வருசமா பாத்துகினேதான கீறீங்க."

"சைகை வரலியேம்மா. கம்பெனிக்காரன் சொல்லல. சர்க்காரு சொல்லல. எப்டி எறக்குவேன் நானு?"

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. யோசித்துப் பேசவில்லை. "அவுங்களா அடியில நிக்கிறாங்க? எட்டு வருசமா இதுக்கு அடியில நிக்கிறது நான் மாமா. என்னாண்ட ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கரிக் கட்டி கையிலேயே இருந்தது. நான் வைக்கச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். வேண்டுமென்றேதான் போனேன். அரை மணி நேரம் அப்படியே குந்தியிருந்தார் என்றும், கட்டிலிலிருந்து தான் சத்தம் போட்ட பிறகுதான் வைத்தார் என்றும் அத்தை பிறகு சொன்னாள்.

அடுத்த நாலு நாளும் அவர் வேலைக்குப் போனார், வந்தார், குடிலை முடித்தார், நட்சத்திரம் கட்டினார். டீ டம்ளரை நான் சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த விஷயத்தில் மாற்றம் ஒன்றும் இல்லாததால், எனக்கு நம்பிக்கையும் இல்லை. கம்பவுண்டருக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்தோம். வெயில் அப்போதுதான் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தது. நான் சேலை மாற்றி அடுப்பு மூட்டலாம் என்று உள்ளே போகத் திரும்பினேன். நில்லும்மா என்றார்.

பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினார். அத்தனை வருஷமாகத் திறக்காத மூடி, துருப்பிடித்துக் கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. பஞ்சு பழுப்பாகிவிட்டிருந்தது. அதற்குள்ளிருந்து குழந்தையை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, குடிலுக்கு மேலே கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கரையில் நிற்கிறவனைத்தான் அப்படிப் பார்ப்பார்.

நாலு நாளுக்கு முன்னால் இதைத்தான் கேட்டேன். கேட்டது வந்தபோது என் கை எழும்பவில்லை. நான் கையை அசைத்தால் என் புருஷன் செத்துவிடுவார். அதுவரை கம்பெனியும் சர்க்காரும் கடலும் கொல்லாத ஆளை நான் கொல்ல வேண்டும். நாலு மாசம்தான் வாழ்ந்தேன் அவரோடு. முகம்கூடச் சில நாள் சரியாக ஞாபகம் வராது. ஆனால் அந்த நிமிஷம், குளித்துவிட்டு வந்து தலையை உதறினால் என் மேல் தெறிக்குமே, அந்தத் தண்ணீர் வரைக்கும் ஞாபகம் வந்தது. வேண்டாம் மாமா, டப்பாவிலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இத்தனை வருஷம் அவர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பாரம் என் தலையில் விழாமல் இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பார், அது அவர் தொழில். ஆனால் அறுபது தாண்டிய கை. முழங்கை இரண்டையும் விலாவில் ஊன்றிக்கொண்டார். ஊன்றிக்கொண்டாரே தவிர இறக்கவில்லை, என்னைப் பார்ப்பதையும் விடவில்லை.

கையைக் கவிழ்த்துக் கீழே அசைத்தேன்.

அவர் இறக்கவில்லை. "இன்னொரு வாட்டிம்மா" என்றார்.

இன்னொரு தடவையும் அசைத்தேன். அவர் மெதுவாக, ஒரு வைக்கோல்கூட நகராமல், குழந்தையை வைத்தார்.

அதற்குமேல் எனக்கு நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எட்டு வருஷத்து அழுகை, அது சின்னச் சத்தமாகவா வரும்? அவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து குந்தினார். என் தலையைத் தொட வந்த கை பாதியில் நின்று, பிறகு தானாகவே வந்து தொட்டது. "அழுவு. நல்லா அழுவு. இத்தினி நாளா உன்ன அழக்கூட உடல நானு" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அந்தப் பேரை அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

நல்ல நாளும் அதுவுமாக ஒப்பாரி கேட்டதும் தெரு ஓடி வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த கிழவி போய்ச் சேர்ந்தாள் என்றே முடிவு செய்து வந்தார்கள். பீபிம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து அத்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு, எப்போம்மா போனீங்க என்று ஆரம்பித்தாள். அத்தை எழுந்து உட்கார முடியாத குறையை வாயில் காட்டினாள். "நான் கல்லாட்டம் கீறேன்டி. போனது எங்க புள்ள. அங்க பாரு."

எல்லோரும் குடிலைப் பார்த்தார்கள். பீபிம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆண்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து மாமாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். துக்கம் கேட்கிற மாதிரி பிடித்தார்கள், அதே கையோடு கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொன்னார்கள். இரண்டையும் அவர் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து குழந்தைக்கு முத்தம் கொடுத்தார்கள். சிலதுகள் எங்கள் வீட்டில் குழந்தை யேசுவையே பார்த்திராதவை, அந்த வருஷங்களில் பிறந்தவை. ஒரு வாண்டு, இது எப்ப வந்துச்சு என்று கேட்டது. இப்பதாண்டா என்றாள் அத்தை. யார் வீட்டிலிருந்தோ கேக் வந்தது, பீபிம்மா வீட்டிலிருந்து சேமியா வந்தது. அழுத முகத்தோடேயே நான் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கூடத்தில் நிற்க இடம் இல்லை.

பத்து மணிக்கு மாமா முகம் கழுவி, புது வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். சாமியாரைப் பார்க்க என்றார். நானும் கூட வரவா என்றேன்.

"வேணாம். பெத்தவன் சொல்லணும்னாரு. நான் போய் சொல்லிட்டு வரேன்."

அவர் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தேன். வேகமாகவும் போகவில்லை, தயங்கியும் போகவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து, செருப்பை ஓரமாக விட்டு, அத்தை கட்டில் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார். "மேலிடத்துல கேட்டு வாங்கிகினு, தை மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்னாரு சாமியாரு. பொண்ணுக்குத் தகப்பன் இடத்துல யார் பேர எய்தறதுன்னு கேட்டாரு. என் பேரச் சொல்லிட்டேன். உனக்கு ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப சோறு போடும்மா, பசிக்கிது" என்றார்.